தமிழ் பேசுகிற வெளிநாட்டுக்காரிக்குச் சலுகை கிடையாது

வெள்ளைக்காரர் ஒருவர் ராமேஸ்வரம் பேருந்தில் 500 ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துனர் சிரித்துக்கொண்டே சில்லறை தேடுவார். பக்கத்தில் இருப்பவர்களும் பையைத் துழாவுவார்கள். நான் நீட்டினால், "காலங்காத்தால இத நீட்டினா நான் எங்கம்மா போவேன்?" என்பார். இத்தனைக்கும் நானும் வெளிநாட்டுக்காரிதான். ஈப்போவில் பிறந்தவள், கையில் மலேசியக் கடவுச்சீட்டு. ஆனால் நிறத்தையும் தமிழையும் பார்த்து யாரும் அப்படி நினைப்பதில்லை. இந்தக் கரையில் சில மாதங்கள் குடியிருந்தபோது எனக்கு வந்த இடைஞ்சல்களில் பாதி, இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் நினைத்ததால் வந்தவை. மீதிப் பாதி உப்பால் வந்தவை.

என் கொள்ளுத்தாத்தா பெரியபட்டினத்துக்காரர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். அந்த வழியில், இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கிற ஓசிஐ அட்டை கிடைத்தது. அதோடு வந்தேன். பெரியபட்டினத்தில் எங்களைத் தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை. பாம்பன் பாலமாவது பக்கத்தில் இருக்கட்டும் என்று மண்டபத்தில் தென்கடல் பக்கம் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தேன். வேலை கோலாலம்பூர் நிறுவனத்துக்கு, மடிக்கணினியில். மலேசியக் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே 9 மணிக்குக் கூட்டம் என்றால் இங்கே 6.30க்கே தலைவாரி உட்கார வேண்டும்.

வாயைத் திறந்ததும் மண்டபத்தில் கேட்கிற முதல் கேள்வி, "சிலோனா?" ஊர் வழக்கு இல்லாத தமிழ் என்றால் அவர்களுக்கு அதுதான் தோன்றும். தோன்றுவதிலும் நியாயம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன ஆட்களை வெள்ளைக்காரன் காலத்தில் நிறுத்தி வைத்துச் சோதித்த இடம் மண்டபம் கேம்ப். பின்னால் அங்கிருந்து அகதிகளாக வந்தவர்களைக் குடிவைத்ததும் அதே கேம்ப்தான். வீட்டுக்காரர் என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அந்த விவரத்தை இணையத்தில் பதிய வேண்டும் என்று நான்தான் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பிரவுசிங் சென்டரில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பதிந்தார் பாவம். வெளியே வந்ததும், "தமிழ்ப் பிள்ளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்றார்.

அதே தமிழ்ப் பிள்ளையிடம்தான் மற்ற எல்லோரும் ஆதார் கேட்டார்கள். சிம் கார்டு வாங்கப் போனால் ஆதார். கேஸ் இணைப்புக்கு ஆதார். ஓசிஐ வைத்திருப்பவர் ஆதார் எடுக்கலாம், ஆனால் விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதத்தில் 182 நாளாவது இங்கே தங்கியிருக்க வேண்டும். வந்திறங்கியவளுக்கு அது ஏது? கடவுச்சீட்டைக் காட்டினால், "இதெல்லாம் எதுக்கு, ஆதாரைக் குடுங்க" என்றார் கடைப் பையன். கடைசியில் மதுரையில் ஒரு பெரிய கடையில் சிம் கிடைத்தது. கேஸுக்கு வழி சொன்னவர் டீக்கடைக்காரர். 5 கிலோ சிறிய சிலிண்டரை முகவரிச் சான்று கேட்காமல், ஓர் அடையாள அட்டையை வைத்துக் கொடுத்துவிடுவார்கள். 14.2 கிலோ பெரிய சிலிண்டருக்காக அலைந்த நேரத்தில் எத்தனை சோறு வடித்திருக்கலாம்.

பணம்தான் பெரிய கூத்து. இங்கே கூடையில் சங்கரா மீன் விற்கிற பாட்டியிடமும் ஸ்கேன் செய்கிற அட்டை தொங்குகிறது. இந்திய வங்கிக் கணக்கு இல்லாத நான் மட்டும் தாளும் கையுமாக நிற்கிறேன். புறப்படும்போது ஈப்போவில் சித்தி ஒருத்தி, தான் முன்பு இந்தியா வந்தபோது மிஞ்சிய நோட்டுகளை, "அங்கே செலவுக்கு ஆகும்" என்று கையில் திணித்திருந்தார். எல்லாம் 2000 ரூபாய்த் தாள்கள். 2023 மே மாதமே புழக்கத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டவை. சட்டப்படி இன்னும் செல்லும், ஆனால் கடையில் யாரும் தொட மாட்டார்கள். மாற்ற வேண்டும் என்றால் ரிசர்வ் வங்கியின் குறிப்பிட்ட அலுவலகங்களுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னையில்தான், ஒரு ராத்திரி ரயில் தூரம். தபாலிலும் அனுப்பலாமாம், ஆனால் பணம் வந்து விழ இந்திய வங்கிக் கணக்கு வேண்டும். அதற்கு நான் எங்கே போக?

இனி உப்பு. ஆடியில் இந்தப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும். அப்போது மன்னார் வளைகுடாப் பக்கமுள்ள தென்கடல் கொந்தளிக்கும், பாக் விரிகுடாப் பக்கமுள்ள வடகடல் குளம் மாதிரி கிடக்கும். மார்கழி வாடையில் இது அப்படியே மாறிவிடும். மண்டபம் குறுகலான நிலம். ஒரே ஊரில் ஒரு கரையில் அலை வீட்டுச் சுவர் வரை தூறல் போடும், மறுகரையில் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் விளையாடுவார்கள். என் வீடு எந்தப் பக்கம் என்று மேலேயே சொல்லிவிட்டேன். காலையில் துடைத்த சன்னல் கம்பி சாயங்காலம் பிசுபிசுக்கும். மலேசியாவிலிருந்து கொண்டுவந்த செவ்வக முள் பிளக்குக்கான மாற்றுச் சொருகியில் பச்சைக் களிம்பு ஏறிப் பொறி பறந்தது. அதோடு அதைக் கைகழுவிவிட்டு ராமநாதபுரத்தில் இந்தியச் சார்ஜர் ஒன்று வாங்கினேன்.

அந்தக் கச்சானில்தான் ஒரு வாரம் என்னைப் பிடித்து ஆட்டியது. செவ்வாய்க்கிழமை மாதாந்திரப் பராமரிப்பு, காலை முதல் சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. நல்லவேளையாக எங்கள் கூட்டம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அப்பாடா என்று குளிக்கப் போய்க் குழாயைத் திருகினால், பிடி கையோடு வந்தது. பிடி மட்டும் அல்ல, குழாயின் பாதியும். உள்ளே பித்தளை உப்பில் அரித்து அப்பளமாகியிருந்தது. மாடித் தொட்டித் தண்ணீர் முழுக்கக் குளியலறையில் பாய, வால்வை மூடப் போனால் அதுவும் இறுகிக் கிடந்தது. தொட்டி காலியானால் மோட்டார் போட்டு நிரப்பக் கரண்ட்டும் இல்லை.

பிளம்பருக்குப் போன் போட்டேன். அவர் மனைவி எடுத்து, "அவுக கடலுக்குப் போயிருக்காகளே" என்றார். இந்த ஊரில் பிளம்பர், எலக்ட்ரீசியன், கொத்தனார் என்று பலருக்கும் இரண்டு தொழில். காற்று பலமென்று, கடலுக்குப் போகக் கொடுக்கிற அனுமதி டோக்கனை மீன்வளத் துறை நிறுத்தினால் உங்கள் வீட்டுக் குழாய் சரியாகும். டோக்கன் கொடுத்துவிட்டால் அவர்கள் வடகடலில் இருப்பார்கள். அதற்குப் பிறகு நான் காலையில் செய்தியைப் பார்ப்பதே கடல் எச்சரிக்கைக்காகத்தான். எச்சரிக்கை வந்தால் ரிப்பேர் வேலைகளைப் பட்டியல் போடுவேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கடலில் பாசி எடுக்கிறவர். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மூழ்கிப் பாறையிலிருந்து பாசி பறிப்பார். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணிக் கிழிசல் சுற்றிக்கொள்வது அவர்கள் வழக்கம். அன்றைக்கும் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு அறுந்த குழாயின் கூர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். வெளியே போய்ச் சீமைக்கருவேலக் குச்சி ஒன்றை வெட்டி வந்தார். நுனியைச் சீவி, துணி சுற்றி, குழாய்க்குள் வைத்து அம்மிக் குழவியால் ஒரு போடு போட்டார். தண்ணீர் நின்றது. "இது கூடத் தெரியாதா உனக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். ஒரு வெள்ளைக்காரியிடம் இப்படிக் கேட்டிருப்பாரா? எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, உண்மை. சாயங்காலம் அவரே ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

மறுநாள் குழாய் வாங்கச் சைக்கிளில் உச்சிப்புளிக்குக் கிளம்பினேன். அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்து வராததால் எனக்குச் சைக்கிள்தான் வண்டி. மரைக்காயர்பட்டினம் தாண்டி வேதாளை போகிற வழியில் பின்சக்கரம் படுத்துவிட்டது. பஞ்சர் கடைக்காரர் ட்யூபை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். ஒன்றல்ல, வரிசையாகக் குமிழ்கள். டயருக்குள் விரலை விட்டுத் தடவித் தடவி, கொறடால் முள் முள்ளாகப் பிடுங்கினார். எல்லாம் சீமைக்கருவேலம். நேற்று என் தொட்டியைக் காப்பாற்றிய அதே மரம்! முள் டயரிலேயே ஒடிந்து நிற்கும், அதை எடுக்காமல் ஒட்டுப்போட்டால் அரை மைல் போவதற்குள் மறுபடி இறங்கிவிடும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். அப்புறம் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ஊருக்குப் புதுசா தங்கச்சி?" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆமாண்ணே, புதுசுதான், மலேசியா என்றேன். உடனே முக்காலி வந்தது, டீ வந்தது, கிள்ளானில் ஹோட்டல் வேலை பார்க்கும் அவருடைய மச்சான் கதையும் வந்தது.

வாரக் கடைசியில் எல்லாவற்றையும் மறந்துவிட்டுத் தனுஷ்கோடி போனேன். 1964 டிசம்பர் புயல் அழித்த ஊரின் தேவாலயச் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், அதைத் தாண்டி அரிச்சல்முனை. இதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. எனக்கு அங்கே நேர்ந்தது வேறு. தலைமன்னார் அங்கிருந்து 30 கிலோமீட்டர்கூட இருக்காது. பையிலிருந்த மலேசிய சிம் திடீரென்று முணகியது: இலங்கைக்கு உங்களை வரவேற்கிறோம். வங்கி விஷயத்துக்காக உயிரோடு வைத்திருந்த சிம் அது. இந்தியாவுக்கு மட்டும் ரோமிங் எடுத்திருந்தேன். மணலில் நடந்தபடியே அது இலங்கைக் கோபுரத்தைப் பிடித்துப் படங்களை இணையச் சேமிப்பில் ஏற்றிக்கொண்டிருந்தது. கால் வைக்காத நாட்டுக்கு ரிங்கிட்டில் கட்டணம் வந்தது. அங்கே போகிறவர்கள் போனை விமானப் பயன்முறையில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டிவிடுங்கள்.

திரும்பும்போது பாம்பனில் இறங்கிப் பாலத்தைப் பார்த்தேன். 2025 ஏப்ரலில் திறந்த புது ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்கு இரும்பு நேரே மேலே எழும். பக்கத்தில் 1914ஆம் ஆண்டுப் பழைய பாலம் துருவோடு நின்றது. இத்தனை பெரிய இரும்புக்கே இந்தக் கதி என்றால் என் குழாய் எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் காற்று எச்சரிக்கை வந்தது. பிளம்பரும் வந்தார். நான் வாங்கி வைத்திருந்த பித்தளைக் குழாயைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "கடற்கரையில இருந்துக்கிட்டு யாராச்சும் இத மாட்டுவாங்களாக்கா? பிளாஸ்டிக்தான்." வீட்டிலிருந்த எல்லாக் குழாய்களையும் கழற்றிப் பிளாஸ்டிக்கில் மாட்டினார். பழைய பித்தளையை எடைக்கு எடுத்துக்கொண்டு கூலியில் கழித்தார். கணக்கு 370 ரூபாய்க்கு வந்து நின்றது. என்னிடம் 500 ரூபாய்த் தாள்தான் இருந்தது. ஜீபே பண்ணுங்க என்றார். இல்லை என்றேன். மீதி தர அவரிடம் சில்லறையும் இல்லை.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "மிச்சம் நூத்தி முப்பது என்கிட்ட இருக்கட்டும்க்கா," என்றார். "எப்படியும் அடுத்த வாரம் கூப்பிடுவீங்க."