3.1 ஜி.பி.ஏ.வுடன் ஒரு போஸ்ட்பேக் தேடிய கதை

அமெரிக்காவில் பள்ளி முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடியாது. ஒருசில கூட்டுத் திட்டங்கள்தான் அதற்கு விதிவிலக்கு. மற்ற எல்லோருக்கும் நான்காண்டு இளநிலைப் பட்டம், எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, அதன் பிறகே விண்ணப்பம். எம்.டி. (அங்கே அதுதான் முதல் மருத்துவப் பட்டம்) கல்லூரிகளில் இடம் பெறுகிறவர்களின் சராசரி ஜி.பி.ஏ., அதாவது 4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 3.7-ஐத் தாண்டி நிற்கிறது. உச்ச மதிப்பெண் 528 உள்ள எம்கேட்டில் அவர்களுடைய சராசரி 511-ஐ ஒட்டி இருக்கிறது. நியூ ஜெர்சியில் உயிரியல் பட்டம் வாங்கியபோது என் ஜி.பி.ஏ. 3.1. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய நான்கை மட்டும் தனியாகக் கூட்டினால் 2.9. கடைசி ஆண்டில் மதிப்பெண்கள் ஏறியிருந்தாலும், முதல் இரண்டு ஆண்டுகளின் பள்ளத்தை அதனால் மூட முடியவில்லை. அதை மூடத்தான் போஸ்ட்பேக் என்ற, பட்டத்துக்குப் பிந்தைய படிப்பைத் தேடினேன்.

பட்டத்துக்குப் பிறகு ஒரு மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஸ்க்ரைப் வேலை பார்த்தேன். மருத்துவர் நோயாளியிடம் பேசப் பேச, பக்கத்தில் நின்று கணினியில் பதிவு செய்யும் வேலை. சம்பளம் சொற்பம். ஆனால் மருத்துவத் தொழில்தான் வேண்டும் என்ற முடிவு அங்கேதான் உறுதிப்பட்டது. அப்பாவின் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "எதற்கம்மா இன்னும் இரண்டு வருடத்தை வீணாக்குகிறாய்? கரீபியன் தீவில் ஜனவரியிலேயே சேர்த்துக்கொள்கிறார்களாமே" என்பார். அக்கறையில்தான் சொன்னார். இடம் கிடைப்பது அங்கே எளிது, சரி. ஆனால் படித்து முடித்து, ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சிக்கு வரும்போது கணக்கு வேறு. அமெரிக்க எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், அந்தப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் மேட்ச்சில் இடம் பெறுகிறார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்பும் அமெரிக்கக் குடிமக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கே அது வாய்க்கிறது. இன்னொருவர் தமிழ்நாட்டில் என்.ஆர்.ஐ. இடத்தைச் சொன்னார். அதற்கும் நீட் எழுத வேண்டும் என்பதை நினைவூட்டியதும் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

ஆக, போஸ்ட்பேக். பட்டம் முடித்த பிறகு மருத்துவக் கல்லூரிக்குத் தகுதியை வளர்த்துக்கொள்ளப் படிக்கும் படிப்பு எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர்தான். உள்ளே போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சரக்குகள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமான ஏ.ஏ.எம்.சி. இவற்றின் பட்டியலை இலவசமாகவே வைத்திருக்கிறது. அதில் முதலில் தட்ட வேண்டிய வடிகட்டி, "துறை மாறுகிறவரா, மதிப்பெண்ணை மேம்படுத்த விரும்புகிறவரா" என்பது. பிரின் மார், கௌச்சர், ஸ்க்ரிப்ஸ் போன்ற பெயர்பெற்ற திட்டங்கள் துறை மாறுகிறவர்களுக்கானவை. வரலாறோ இசையோ படித்துவிட்டு, வேதியியல் பக்கமே போகாதவர்கள்தான் அவர்களுக்குத் தேவை. சில மருத்துவக் கல்லூரிகளோடு அந்தத் திட்டங்களுக்கு லிங்கேஜ் ஏற்பாடு உண்டு. படிக்கும்போதே விண்ணப்பித்து, நடுவில் ஓராண்டு காத்திருக்காமல் நேரே போய்விடலாம். என்னைப்போல அடிப்படை அறிவியல் பாடங்களை ஏற்கெனவே எடுத்து, அதில் சறுக்கியவர்களுக்கு அங்கே வேலை இல்லை. இது தெரியாமல் பெயரைப் பார்த்து விண்ணப்பக் கட்டணம் கட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என்னைப் போன்றவர்களுக்கு மூன்று வழிகள் மிஞ்சின. இளநிலை மட்டத்திலேயே மேல்நிலை அறிவியல் பாடங்களை எடுக்கும் முறையான திட்டம் ஒன்று. எஸ்.எம்.பி. என்று சொல்லப்படும் சிறப்பு முதுநிலைப் பட்டம் இரண்டாவது. எந்தத் திட்டத்திலும் சேராமல் அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் பாடங்களைத் தனித்தனியாக எடுத்து நாமே கட்டிக்கொள்வது மூன்றாவது.

பிரசுரங்களைப் படிப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். கல்லூரியில் எடுத்தது 120 கிரெடிட். 3.1-ஆல் பெருக்கினால் 372 புள்ளி. இன்னும் 30 கிரெடிட் எடுத்து, ஒன்று விடாமல் ஏ வாங்கினால் 120 புள்ளி சேரும். 492-ஐ 150-ஆல் வகுத்தால் 3.28. ஓராண்டு முழுக்கத் தூக்கம் கெட்டுப் படித்தும் 0.18 மட்டுமே ஏறும். அறிவியலில் நிலைமை சற்றுத் தேவலை. 50 கிரெடிட்டில் 2.9 இருந்தால் 145 புள்ளி, அதோடு 120 சேர்ந்து 80-ஆல் வகுத்தால் 3.31. அன்று இரவு எனக்குப் பிடித்தமான இரவாக இல்லை.

ஆனால் விண்ணப்பம் எப்படி வாசிக்கப்படுகிறது என்று பார்த்தபோது மனம் மாறியது. எம்.டி. கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸ், நம் மதிப்பெண்களை ஒரு கட்டமாக (அட்டவணையாக) அச்சிட்டுக் கல்லூரிகளுக்கு அனுப்புகிறது. முதலாண்டு, இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு, இறுதியாண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. அதற்குக் கீழே போஸ்ட்பேக்குக்கு ஒரு தனி வரிசை. பிறகு மொத்த இளநிலை. முதுநிலைப் படிப்பு அதற்கும் கீழே தனியாக நிற்கும், மொத்தத்தில் கலக்காது. சராசரியில் என் ஓராண்டு உழைப்பு கரைந்து போனாலும், அந்தப் போஸ்ட்பேக் வரிசையில் 4.0 என்று தெரிந்தால் வாசிக்கிறவர் கண்ணில் படாமல் போகாது. நான் வாங்கப் போவது சராசரி உயர்வு அல்ல, அந்த ஒற்றை வரிசை என்று புரிந்ததும் தேர்வு பாதி முடிந்துவிட்டது.

எஸ்.எம்.பி.யை நான் ஒதுக்கியதும் இந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1975 முதல் நடக்கும் திட்டம் இந்த வகைக்கு முன்னோடி. முதலாண்டு மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடங்களையே அவர்களோடு படித்து, அவர்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் பெற வேண்டும். நன்றாகச் செய்தால் அதைவிடச் சிறந்த சான்று இல்லை. ஆனால் அது முதுநிலை வரிசையில் விழுகிறது. இளநிலை அறிவியல் 2.9 அப்படியே கிடக்கும். குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இருக்கும் விண்ணப்பங்களைக் கணினியே கழித்துவிடும் கல்லூரிகளில், முதுநிலை வரிசையை யாரும் எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஏற்கெனவே 3.4, 3.5 வைத்துக்கொண்டு இன்னும் ஒரு படி தேவைப்படுகிறவர்களுக்குத்தான் எஸ்.எம்.பி. பொருந்தும் என்பது என் எண்ணம். அங்கே பி பிளஸ்கள் குவிந்தால் "மருத்துவப் பாடம் இவருக்கு வராது" என்று நாமே பணம் கட்டி எழுதி வாங்கியதாக ஆகிவிடும். கட்டணமும் தங்கும் செலவும் சேர்ந்து ஓராண்டுக்கு ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டுவது அங்கே சாதாரணம்.

பணத்தைப் பற்றி வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். பட்டமேற்படிப்புக்கான முன்தயாரிப்புப் பாடங்கள் என்று கல்லூரி சான்றளித்தால் அமெரிக்க மத்திய அரசின் ஃபெடரல் கடன் கிடைக்கும், ஆனால் தொடர்ச்சியான 12 மாதங்களுக்கு மட்டும். பெற்றோரைச் சாராதவர் என்று கணக்கில் வருகிறவருக்கு உச்சவரம்பு 12,500 டாலர், சார்ந்தவருக்கு 5,500. பட்டம் தராத பல திட்டங்களில் நிதியுதவி என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. இரண்டாண்டுத் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டாம் ஆண்டுக்குத் தனியார் வங்கியின் வட்டிதான் கதி.

ஒரு திட்டத்தின் இயக்குநரோடு காணொளியில் பேசியது இன்னும் நினைவிருக்கிறது. அவர்களுடைய பிரசுரத்தில் 90 சதவீத வெற்றி என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். "சேர்ந்தவர்களில் 90 சதவீதமா, முடித்தவர்களில் 90 சதவீதமா?" என்று கேட்டேன். தண்ணீர் குடித்தார். "எங்கள் கமிட்டி கடிதத்தோடு விண்ணப்பித்தவர்களில்" என்றார். திட்டமே மாணவருக்குத் தரும் பரிந்துரைக் கடிதம் அது. அந்தக் கடிதம் யாருக்குக் கிடைக்கும்? திட்டத்தில் 3.6-க்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு. மற்றவர்கள்? "அவர்களில் பலர் தங்கள் இலக்கை மறுபரிசீலனை செய்கிறார்கள்." திருச்சியில் நீட் பயிற்சி மையங்கள் வைக்கும் பிளெக்ஸ் பேனரைப் பார்த்தவள் நான். பேனரில் இருக்கும் முகங்களை எண்ணலாம், இல்லாத முகங்களை எண்ண முடியாது. அவர் கோபப்படவில்லை, நானும் மரியாதையாகவே பேசி முடித்தேன். அதன் பிறகு எல்லோரிடமும் அதே கேள்வியைத்தான் முதலில் கேட்டேன். டி.ஓ. (எம்.டி.யைப் போலவே மருத்துவராக்கும் ஆஸ்டியோபதி பட்டம்), பல் மருத்துவம், செவிலியர் படிப்பு எல்லாவற்றையும் "சுகாதாரத் துறையில் சேர்ந்தவர்கள்" என்று ஒரே எண்ணில் அடக்கியவர்களும் இருந்தார்கள்.

ஹார்வர்ட் எக்ஸ்டென்ஷனையும் யோசித்தேன். மாலை நேர வகுப்புகள், கட்டணம் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் குறைவு, பெயரிலும் ஒரு கவர்ச்சி. ஆனால் பாஸ்டன் வாடகை கையைக் கடிக்கும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் எனக்கு மூத்தவரான ஓர் அக்கா அப்போது ரெசிடென்சியில் இருந்தார். அவரிடம் பட்டியலை நீட்டினேன். "கல்லூரிப் பெயரை விடு. உனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதப் போகிற பேராசிரியருக்கு உன் முகம் தெரியுமா? இருநூறு பேர் உட்காரும் வகுப்பில் உன்னை யார் பார்ப்பது?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகு பட்டியலில் பாதி அடிபட்டது.

கடைசியில் வீட்டிலிருந்து ரயிலில் போய்வரக்கூடிய ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓராண்டுத் திட்டத்தில் சேர்ந்தேன். உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம், சிறிய வகுப்புகள், எல்லாம் இளநிலை மேல்மட்டப் பாடங்கள்: உயிர்வேதியியல், உடலியங்கியல், செல் உயிரியல், மரபியல், நோயெதிர்ப்பியல். சி பிளஸ் வாங்கியிருந்த ஆர்கானிக் கெமிஸ்ட்ரியைத் திரும்ப எடுப்பதா என்று ஒரு வாரம் குழம்பினேன். டி.ஓ. கல்லூரிகளின் விண்ணப்பத்தில் 2017 வரை புதிய மதிப்பெண் பழையதை அழித்துவிடும். அந்த வசதி இப்போது இல்லை. ஆம்காஸில் எப்போதும் இரண்டையும் கூட்டித்தான் கணக்கிடுகிறார்கள். பழைய அறிவுரையை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன். நான் ஆர்கானிக்கைத் தொடாமல் உயிர்வேதியியலுக்குப் போனேன். அதில் ஏ வாங்கினால் ஆர்கானிக் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு பருவத்தில் நான்கு பாடங்களைச் சேர்த்தே எடுத்தேன். ஒன்றிரண்டாக எடுத்தால் ஏ வாங்குவது சுலபம்தான், ஆனால் மருத்துவக் கல்லூரி பார்க்க விரும்புவது சுமையைத் தாங்குகிறோமா என்பதை. ஸ்க்ரைப் வேலையை வார இறுதிக்குச் சுருக்கினேன். எம்கேட்டை இந்த ஆண்டுக்குள் திணிக்காமல், வகுப்புகள் முடிந்த பிறகு எழுதினேன். படிப்பைத் தொடங்கும் முன்பே ஜூனில் ஆம்காஸ் அனுப்பும் கூட்டத்தோடு ஓட வேண்டும் என்ற பதற்றம் எல்லோருக்கும் இருக்கும். ஆனால் விண்ணப்பம் சரிபார்க்கப்பட்ட பிறகு வரும் மதிப்பெண்கள் அந்தக் கட்டத்துக்குள் ஏறாது. நான் எந்த வரிசைக்காகச் சேர்ந்தேனோ அது காலியாகப் போயிருக்கும். அதனால் அடுத்த ஆண்டு ஜூன் வரை காத்திருந்தேன். அப்பாவுக்கு அந்தக் காத்திருப்பு பிடிக்கவில்லை.

நேர்காணல் ஒன்றில் பேராசிரியர் அந்தக் கட்டத்தின் அச்சுப்படியை மேசையில் வைத்து, விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்து போஸ்ட்பேக் வரிசையில் நிறுத்தினார். "இங்கே என்ன நடந்தது?" என்றார். வேலைக்குப் போய்விட்டு வந்தேன், எதற்குப் படிக்கிறேன் என்று தெரிந்து படித்தேன் என்றேன். அதற்கு மேல் அலங்காரமாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் விண்ணப்பித்திருந்தேன். முதலில் இடம் தந்தது ஒரு டி.ஓ. கல்லூரி. வசந்த காலத்தில் ஓர் எம்.டி. கல்லூரி காத்திருப்புப் பட்டியலிலிருந்து கூப்பிட்டது. கட்டணம் குறைவு என்பதால் இரண்டாவதில் சேர்ந்தேன்.

என்னிடம் இதைப் பற்றிக் கேட்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் எச்-4 விசாவில், அதாவது எச்-1பி வேலை விசாவில் இருக்கும் பெற்றோரைச் சார்ந்து, இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்குக் கிரீன் கார்டு நான் கல்லூரியில் இருக்கும்போதே வந்துவிட்டது, அதனால் என் கதை அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகள் கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர்களை எடுப்பதில்லை. எடுக்கும் சிலவற்றில் பல ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே எஸ்க்ரோ என்ற பிணைக் கணக்கில் போடச் சொல்வதும் உண்டு. ஃபெடரல் கடனும் கிடையாது. 21 வயதானால் எச்-4 போய்விடும், மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அவர்கள் போஸ்ட்பேக் பட்டியலைத் திறப்பதற்கு முன், ஏ.ஏ.எம்.சி.யின் எம்.எஸ்.ஏ.ஆர். தளத்துக்குச் சந்தா கட்டி, வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் கல்லூரிகள் எவை என்று பார்த்துவிடுவது நல்லது. சந்தா சில பத்து டாலர்தான், போஸ்ட்பேக் கட்டணமோ ஆயிரக்கணக்கில்.