கடை போர்டில் இருக்கும் நம்பர்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மாமாவின் கடை போர்டில் இருக்கும் செல் நம்பருக்கு இருபது வயது ஆகிறது. சிம் மூன்று கம்பெனி மாறிவிட்டது, நம்பர் மாறவில்லை. 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த எண் மாற்றாமல் கம்பெனி மாறும் வசதியின் புண்ணியம் அது. 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ், பதிலாக வரும் குறியீட்டைப் புதுக் கம்பெனியின் கடையில் கொடுத்தால் போதும். 2016-ல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும், 2024 ஜூலையில் தனியார் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றியதும் பலர் பிஎஸ்என்எல் பக்கம் போனதும் நினைவிருக்கும். நம்பர் நம் கையில் இருந்ததால்தான் அப்படித் தைரியமாக மாற முடிந்தது.

டொமைனும், அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரும், அதே மாதிரி சொத்துதான். ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், பெயர் நம்முடையதாகவே இருக்கும். ஆனால் பதிவு நம் பெயரில் இருக்க வேண்டுமே! மாமாவுக்கு வெப்சைட் செய்து கொடுத்தவர் தன் மெயிலில் பதிவு செய்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அவருக்கே போயிருக்கிறது. கெடு முடிந்து, பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். வருடத்துக்குச் சில நூறு ரூபாயில் முடிந்திருக்கும் விஷயம். விசிட்டிங் கார்டு, பில் புக், பை எல்லாவற்றிலும் அந்தப் பெயர்தான் அச்சாகியிருக்கிறது. மாமா அன்று இரவு சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

கடலூரில் கடை வைத்திருக்கிற நண்பர்களே, உங்கள் டொமைன் யார் மெயிலில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றைக்கே பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.