மாஸ்டர்ஸ் செய்வதா? முதலில் உமியைப் பாருங்கள்

இயந்திரப் பொறியியலில் பட்டம் முடித்து, ஒன்றிரண்டு வருடம் வேலையும் பார்த்த பிறகு முதுமாணி (மாஸ்டர்ஸ்) பற்றிய யோசனை வரும். அநேகமாக "எந்த நாடு?" என்றுதான் அது தொடங்கும். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: வேலைத்தளத்தில் எனக்குப் போடத் தெரியாத கணக்கு எது?

வவுனியா, கிளிநொச்சிப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நெல் அவிக்கும் பொயிலரின் குழாய்களில் சுண்ணாம்புப் படிவு கட்டி ஆவி குறைகிறது. இதற்கு மாஸ்டர்ஸ் வேண்டாம். கிணற்றுத் தண்ணீரின் கடினத்தன்மையை அளந்து, அதற்கேற்ற மென்னீராக்கி பூட்டி, அதற்குள் சுண்ணாம்பைப் பிடிக்கும் ரெசின் மணிகளை நேரத்துக்கு உப்புக் கரைசலால் கழுவி, பொயிலரின் அடிவால்வைத் திறந்து கசடு நீரை ஒழுங்காக வெளியேற்றினால் சரி. அனுபவமுள்ள போர்மன் ஒருவரோடு சில கிழமை நின்றால் பிடிபடும். நெல்லை மேலே ஏற்றும் எலிவேற்றரின் பெயரிங் அடிக்கடி போகிறதா? தண்டு நேராக இல்லை, அல்லது கிறீசுக்குள் உமித்தூசி போகிறது. அதற்கும் ஆய்வேடு எழுதத் தேவையில்லை.

இனி உமிக்கு வாருங்கள். நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. எரித்தால் உமியின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். ஆக ஒரு தொன் நெல்லுக்கு 40 கிலோ சாம்பல் மிஞ்சும், அதில் பெரும்பகுதி சிலிக்கா. புகையோடு பறக்கும் சிலிக்கா குழாயை அரிக்கும். அடுப்பின் வெப்பம் குறைந்தால் கரி எரியாமல் சாம்பலோடு போய்விடும், எரிபொருள் நட்டம். வெப்பம் கூடினால் சிலிக்கா படிகமாகி, சீமெந்தோடு கலக்கும் தகுதியைச் சாம்பல் இழக்கும். காற்றை எங்கே, எவ்வளவு விட்டால் இரண்டுக்கும் நடுவில் நிற்கலாம்? எரிதலியல், வெப்பக் கடத்தல், கணினி வழிப் பாய்மக் கணிப்பு (காற்றும் புகையும் ஓடும் விதத்தைக் கணினியில் கணிப்பது) மூன்றும் சேர்ந்த கேள்வி இது. இளமாணியில் (முதல் பட்டத்தில்) படித்தது இதற்குக் காணாது. இப்படி ஒரு கேள்வியை உங்கள் வேலையிலிருந்து ஒரு பக்கத்தில் எழுத முடிந்தால், படிக்க வேண்டிய துறை தானாகத் தெரியும். எழுத வரவில்லையா, இன்னும் ஒரு வருடம் வேலை செய்யுங்கள்.

காற்றாலை பிடித்தவர்களுக்கும் இதே சோதனைதான். மன்னார்த் தீவின் தம்பபவனியில் 3.45 மெகாவாற் காற்றாலைகள் 30 நிற்கின்றன. காற்றோடு வேகம் மாறிக்கொண்டே இருக்கும் தண்டில், கியர்பொக்ஸ் பெயரிங்கின் தொடக்க வெடிப்பை அதிர்வலையில் கண்டுபிடிப்பது உண்மையான முதுமாணி வேலை. ஆனால் வரப்போகிறது என்று சொல்லப்படும் ஒரு திட்டத்தை நம்பித் துறையைத் தெரிவுசெய்ய வேண்டாம். மன்னார், பூநகரிக் காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிவிட்டது. அதிர்வுப் பகுப்பாய்வு தெரிந்தவருக்கு அரைக்கும் ஆலையிலும் வேலை உண்டு, ஐஸ் தொழிற்சாலைக் கொம்பிரசரிலும் வேலை உண்டு. "காற்றாலை" என்ற பெயரை மட்டும் படித்தவருக்கு அப்படியில்லை.

வெளிநாட்டில் குடியேறுவதுதான் நோக்கம் என்றால் அதுவும் நியாயமான காரணமே. வீட்டுக்கு வேறு சாட்டுச் சொன்னாலும் உங்களுக்கு நீங்களே மறைக்காதீர்கள். அப்போது பாடத்தின் அழகைப் பார்ப்பதை விட்டு, படித்து முடித்த பின் எத்தனை மாதம் தங்கி வேலை தேடலாம், அந்த ஊரில் உங்கள் துறைக்கு யார் ஆள் எடுக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

உள்ளூரில் படிப்பவர்கள் பட்டத்தின் பெயரோடு அதன் நிலையையும் பார்க்க வேண்டும். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டுமான முதுமாணி 9ஆம் நிலை, 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்தது 10ஆம் நிலை, 60 கிரெடிட், அதில் குறைந்தது 15 ஆய்வுக்கு. பின்னாளில் விரிவுரையாளராகவோ கலாநிதிப் பட்டத்துக்கோ போகும் எண்ணம் இருந்தால் 10ஐத் தெரிவுசெய்யுங்கள். 9ஐ முடித்துவிட்டு ஆய்வுக்காகத் திரும்பவும் வரிசையில் நிற்பது வீண். பட்டயப் பொறியியலாளர் தகுதி இதிலிருந்து வேறான பாதை. அதற்கு அனுபவமும் தொழில்சார் மதிப்பீடும் வேண்டும், முதுமாணி மட்டும் அதைத் தந்துவிடாது. நோக்கம் பதவி உயர்வுதான் என்றால், உங்கள் இடத்தில் எதற்கு மதிப்பு என்று முதலில் விசாரியுங்கள்.

வார இறுதி வகுப்பு காகிதத்தில் சுகமாகத் தெரியும். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 330 கிலோமீற்றர் அளவு, மொறட்டுவை அதற்கும் அப்பால். வெள்ளி இரவு பஸ் ஏறி, சனி விடிய இறங்கி, வகுப்பிருந்து, ஞாயிறு இரவு திரும்பினால் திங்கள் காலை வேலைத்தளத்தில் கண் சொருகும். அதைவிடப் பெரிய சிக்கல் போகம். காலபோக அறுவடை தை, மாசியில் வந்தால் ஆலைக்காரருக்கும் அறுவடை இயந்திரம் பராமரிப்பவருக்கும் சனி, ஞாயிறு இல்லை. பரீட்சை எந்த மாதத்தில் வருகிறது என்று சேர முன்பே கேளுங்கள். முதலாளியிடம் லீவை எழுத்தில் வாங்குங்கள், வாய்ச்சொல் அறுவடை நேரத்தில் நிற்காது.

வெளிநாட்டில் காசு எப்படி ஓடுகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் முதுமாணிக்கு அநேகமாக நாமே கட்ட வேண்டும், கலாநிதிக்கு இளமாணியோடு நேரே போனால் உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கனடாவில் ஆய்வேட்டு முதுமாணிக்குப் பேராசிரியரிடமிருந்து பணம் வரலாம், பாடநெறி முதுமாணிக்கு அநேகமாக வராது. ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் எம்மைப் போன்றவர்களுக்கு ஒரு செமஸ்ரருக்கு 1500 யூரோ.

ஜேர்மனியில் எமது ஜிபிஏயை (சராசரிப் புள்ளியை) அவர்களுடைய புள்ளியாக மாற்றும் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். அதிகபட்சப் புள்ளியிலிருந்து உங்களுடையதைக் கழித்து, அதிகபட்சத்துக்கும் சித்திக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பிரித்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்ட வேண்டும். 4.0 அதிகபட்சம், 2.0 சித்தி என்றால் 3.2 எடுத்தவருக்கு 2.2 வரும், 3.0 எடுத்தவருக்கு 2.5. அங்கே எண் குறையக் குறைய நல்லது. சித்திக்கான குறைந்தபட்சம் பெறுபேற்றுப் பத்திரத்தில் அச்சாகவில்லை என்றால் அவர்கள் வேறு எண்ணை எடுத்துக் கணித்துவிடலாம். புள்ளி முறை அச்சிட்ட பக்கத்தையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஒவ்வொரு பாடத்தின் விரிவான பாடத்திட்டத்தையும் பல்கலைக்கழக முத்திரையோடு எடுத்து வையுங்கள். கணிதம், வெப்பவியக்கவியல், பொறிமுறை ஆகியவற்றில் எத்தனை கிரெடிட் என்று அதை வைத்துத்தான் எண்ணுவார்கள். ஆங்கிலத் தேர்ச்சிக்கான ஐஈஎல்ரிஎஸ் பெறுபேறு இரண்டு வருடம் செல்லும், மேற்படிப்பு அனுமதிக்கான ஜிஆர்ஈ பரீட்சையினது ஐந்து வருடம். இரண்டும் வேண்டும் என்றால் ஜிஆர்ஈயை முதலில் எழுதுங்கள்.

அதிகம் சறுக்குவது சிபாரிசுக் கடிதத்தில்தான். இறுதி வருட புரொஜெக்ற் மேற்பார்வையாளர் படிப்பு லீவில் வெளிநாடு போயிருக்கலாம், இப்போதே அவருடைய மின்னஞ்சலை வாங்கி வையுங்கள். கேட்கும்போது நீங்கள் செய்த வேலையையும் அதன் எண்களையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் "கடின உழைப்பாளி" என்ற வெறும் கடிதம்தான் வரும். ஆலை முதலாளி ஜிமெயிலில் அனுப்பும் கடிதத்தைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்பதில்லை. நிறுவனத்துக்கென மின்னஞ்சல் இல்லாவிட்டால், தலைப்புத் தாளில் கையொப்பமிட்டு ஸ்கான் செய்து அனுப்பலாமா என்று அனுமதிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.