கீழே கிடந்த இறகு

ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில், அன்ஹிங்கா நடைபாதையில் அது கிடந்தது. தூய வெள்ளை, ஒரு சாண் நீளம். பாம்புத்தாரா ஒன்று சிறகை விரித்துக் காயவைப்பதைப் பார்த்துக்கொண்டே குனிந்து எடுத்துவிட்டேன். எதிரே வந்த பூங்கா ஊழியர் சிரித்த முகத்தோடு, "எடுத்த இடத்திலேயே போட்டுவிடுங்கள்" என்றார்.

"தானாக உதிர்ந்ததுதானே?"

"உதிர்ந்ததா, பிடுங்கியதா என்று இறகு சொல்லாதே!"

சரிதான். 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் இறகை வைத்திருப்பதே குற்றம். 15,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பறவையினங்கள் பட்டியலில் உண்டு, காகம் உட்பட. வெளியிலிருந்து வந்து பெருகிய மாடப்புறா, சிட்டுக்குருவி போன்றவைதான் விலக்கு. கழுகுக்குத் தனிச் சட்டமே இருக்கிறது. (நம் ஊர்ச் சட்டமும் லேசானதல்ல: மயில் தானாக உதிர்த்த தோகையை வைத்துக்கொள்ளலாம், நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது.)

ஒரு இறகுக்கு இவ்வளவு கெடுபிடியா என்ற எரிச்சல் ஃபிளமிங்கோ போய்ச் சேரும்வரை இருந்தது. பூங்கா வாசலிலிருந்து அறுபது கிலோமீட்டர், சாலை முடிகிற இடம். பெயர்தான் பூநாரை, கண்ணில் ஒன்றும் படவில்லை. அங்குள்ள பார்வையாளர் மையத்துக்கு கை பிராட்லி (Guy Bradley) என்பவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். பெண்களின் தொப்பிகளுக்காக வெண்கொக்குகளைச் சுட்டுக் குவித்த காலத்தில் இந்தப் பகுதிக்குக் காவலராக இருந்தவர். அந்த மெல்லிய அலங்கார இறகு கொக்குக்கு இனப்பெருக்கக் காலத்தில்தான் முளைக்கும். அதனால் வேட்டைக்காரர்கள் கூடு கட்டும் இடத்துக்கே போய்ச் சுட்டார்கள். குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினி கிடந்து செத்தன. 1905 ஜூலையில் வேட்டைக்காரர்களைத் தடுக்கப் படகில் போன பிராட்லியையும் சுட்டுக் கொன்றார்கள். அப்புறம் எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை.

இரவு அறையில் கேமரா பையைத் துடைக்கும்போது பக்கப் பையிலிருந்து சாம்பல் நிற இறகு ஒன்று விழுந்தது. இரண்டு நாள் முன்பு வண்டி நிறுத்துமிடத்தில் நானே பொறுக்கியது. புறாவுடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு விளக்கருகே பிடித்துப் பார்த்தேன். குறுக்கே மெல்லிய பழுப்புப் பட்டைகள். விடிந்ததும் முதல் வேலையாகக் கொண்டுபோய், எடுத்த மரத்தடியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.