தொப்பூர் ஏத்தத்துல மட்டும் எரிஞ்ச செக் இன்ஜின் லைட்டு

மூணு மாசமா உயிர வாங்குன மஞ்ச லைட்டு போன மாசம்தான் ஒருவழியா அடங்குச்சு. சரி பண்ண ஆன செலவு 150 ரூபா. அதுக்கு முன்னாடி தண்டமா போனத கூட்டிப் பாத்தா வயிறு எரியுது.

வண்டி 2015 மாடல் பெட்ரோல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர். நாங்க இருக்கறது தர்மபுரி, மாமனார் வீடு சேலம், அதனால வாரா வாரம் ஒரு நடை உண்டு. போறப்ப இறக்கம், ஒண்ணும் தெரியாது. திரும்பி வர்றப்ப தொப்பூர் கணவாய் ஏத்தத்துல முன்னாடி ஊர்ந்து போற லாரிய தாண்டலாம்னு மூணாவது கியர்ல அமுக்குனா வண்டி உதறும், லைட்டு நாலு சிமிட்டு சிமிட்டிட்டு அப்புறம் நின்னு எரியும். மேல ஏறிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். ரெண்டு மூணு நாள்ல லைட்டும் தானா போயிடும். (லைட்டு சிமிட்டுனா உடனே ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்துடுங்க, மிஸ்ஃபயர் ஆகுதுன்னு, அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியலன்னு அர்த்தம், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் பொகைய சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டர காலி பண்ணிடும், அதோட விலை கேட்டா நெஞ்சு வலிக்கும்.)

மொத தடவ கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு போனப்ப லைட்டு அணைஞ்சிருந்துச்சு. "லைட்டே எரியலையே சார், எரியறப்ப கொண்டு வாங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ரெண்டாவது தடவ எரியறப்பவே கொண்டு போனேன், ஸ்கேனர மாட்டி ஏதோ பாத்தாங்க, கால் மணி நேரத்துல லைட்டு போச்சு, பில்லு 590. என்ன கோடு (கோளாறு எதுன்னு காட்டற நம்பர்) வந்துச்சுன்னு கேட்டா "பழைய கோடு சார், கிளியர் பண்ணிட்டோம்". நானும் சரின்னு வந்துட்டேன் பாருங்க, அங்கதான் தப்பு. கோட அழிச்சா கோடு மட்டும் போகல, அது வந்த நேரத்துல இன்ஜின் என்ன ஆர்பிஎம்ல, எவ்வளவு லோடுல, எந்த சூட்டுல இருந்துச்சுன்னு இன்ஜினோட கம்ப்யூட்டர், அதான் இசியூ, எடுத்து வெச்சிருக்கற ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேந்து போயிடும். திருட்டு நடந்த வீட்ட பெருக்கி தொடச்சு விட்டுட்டு போலீஸ கூப்புடற கதைதான். அந்த ஞாயித்துக்கிழமையே தொப்பூர்ல மறுபடி எரிஞ்சுது.

மூணாவது தடவ அட்வைசர் தம்பி "லீன் கோடு காட்டுது சார், ஓ2 சென்சார் போயிடுச்சு, 7,400 ஆகும், ஆர்டர் போட்டா பத்து நாள்ல வந்துடும்"னாரு. (லீன்னா காத்துக்கு பெட்ரோல் கம்மின்னு அர்த்தம்; ஓ2 சென்சார் சைலன்சருக்கு போற பொகையில ஆக்ஸிஜன அளக்கறது.) பாக்கலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன். இந்த தடவ கோட அழிக்க விடல.

அப்புறம்தான் நாமளே ஒரு ஸ்கேனர் வாங்குனா என்னன்னு தோணுச்சு. 2013 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த கார்ல பெரும்பாலும் ஸ்கேனர் மாட்டற ஓபிடி 2 போர்ட்டு இருக்கும், ஸ்டியரிங்குக்கு கீழ 16 பின்னு. மொதல்ல ஆன்லைன்ல 350 ரூபாய்க்கு ஒரு இஎல்எம் 327 ப்ளூடூத் ஸ்கேனர் வாங்குனேன், போனோட ஜோடி சேந்துச்சு, லைட்டெல்லாம் மினுக்குச்சு, ஆனா ஆப்புல "இசியூவோட இணைக்கிறது"ன்னு சுத்திட்டே இருந்துச்சு, அரை நாள் போச்சு. வெர்ஷன் 2.1னு போட்டு வர்ற மட்டமான காப்பி நெறைய இருக்கு, பாதி கமாண்டு அதுக்கு புரியவே புரியாது. திருப்பி அனுப்பிட்டு 1,100 ரூபாய்க்கு வேற ஒண்ணு வாங்குனேன், ஒரே நிமிஷத்துல கனெக்ட் ஆச்சு. ஐபோன் வெச்சிருக்கறவங்க வைஃபை இல்லன்னா பிஎல்இ (ப்ளூடூத் லோ எனர்ஜி) உள்ளதா பாத்து வாங்குங்க, சாதா ப்ளூடூத் வாங்கிட்டு என்னாட்டம் ராத்திரி கார்ல உக்காந்துட்டு இருக்காதீங்க.

உள்ள இருந்துச்சு பாருங்க. பி0302, அதாவது ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர். கூடவே பென்டிங்ல, அதாவது இன்னும் உறுதியாகாத கோடா, பி0171, லீன். ஃப்ரீஸ் ஃப்ரேம்ல 3,150 ஆர்பிஎம், வேகம் 52, லோடு 91 சதவீதம், கூலன்ட் 93 டிகிரி. அச்சு அசல் தொப்பூர் ஏத்தம். சிலிண்டர்ல எரியாம போனா ஆக்ஸிஜன் அப்படியே சைலன்சருக்கு வரும், சென்சார் அத மோந்து பாத்துட்டு "பெட்ரோல் கம்மி"ன்னு சொல்லும். சென்சார் உண்மையத்தான் சொல்லிருக்கு, அதப்போய் 7,400க்கு மாத்த பாத்தாங்க.

ப்ளக்குக்கு கரண்ட் குடுக்கற இக்னிஷன் காயில சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி காயில், 10 நம்பர் ஸ்பேனர் போதும். ரெண்டாவது காயில பக்கத்து சிலிண்டருக்கு மாத்தி போட்டா, கோடும் கூடவே அந்த நம்பருக்கு போச்சுன்னா காயில் அவுட்டு, போகலன்னா வேற எதோ. இன்ஜின் ஆறுனப்பறம் மேல் கவர தூக்குனேன், உள்ள நாலஞ்சு கடலைத் தோலு கெடந்துச்சு, ஊதி விட்டுட்டு வேலைய பாத்தேன். மாத்திட்டு வேணும்னே தொப்பூர் வரைக்கும் போய் இறங்கி ஏறுனேன், போக வர டோலு, பெட்ரோலு. பி0302 அப்படியே நிக்குது. சரி காயில் இல்லன்னு ப்ளக்கு நாலும் புதுசா வாங்கி மாட்டி மறுபடி ஒரு நடை. அதே பி0302.

அன்னிக்கு ராத்திரிதான் பொறி தட்டுச்சு. சிலிண்டர எந்தப் பக்கம் இருந்து எண்ணணும்? நான் கியர்பாக்ஸ் பக்கத்துல இருந்து எண்ணிருக்கேன். இந்த இன்ஜின்ல டைமிங் செயின் பக்கம்தான் ஒண்ணு. அப்ப நான் மாத்துனது மூணையும் நாலையும். ரெண்டாவது காயில தொடவே இல்ல! யார்கிட்டயும் சொல்லல, இப்பதான் சொல்றேன்.

காலைல ஒழுங்கா எண்ணி ரெண்டையும் ஒண்ணையும் மாத்திட்டு போனேன். டோல்காரருக்கு என் மூஞ்சி பழகிருக்கும். அப்பவும் பி0302தான், ஒண்ணுக்கு போகல. ஆக, காயில் நல்லாருக்கு, ப்ளக்கு புதுசு, மிச்சம் ஒயரு. வீட்டுக்கு வந்து வண்டிய ஐடில்ல விட்டுட்டு ரெண்டாவது காயிலுக்கு போற ஒயர மெதுவா அசச்சேன், கடக்குன்னு இன்ஜின் தடுமாறுச்சு. விட்டா சரியாச்சு. திரும்ப அசச்சா திரும்ப தடுமாறுது. சாவிய ஆஃப் பண்ணிட்டு ஸ்லீவ பிரிச்சு பாத்தா, ஒயரோட ரப்பர் ஒரு விரக்கட நீளத்துக்கு இல்ல, உள்ள செம்புக் கம்பி ரெண்டு மூணு இழைதான் ஒட்டிட்டு இருக்கு, ஓரத்துல சின்னச் சின்ன பல்லு தடம். எலி! அந்த கடலைத் தோலு அப்பவே சொல்லுச்சு, நான்தான் ஊதி விட்டேன். ஏத்தத்துல அமுக்குறப்ப இன்ஜின் மவுண்ட்டுல லேசா சாயும்ல, அப்ப இழை இழுபட்டு கரண்ட் விட்டு விட்டு போயிருக்கு. சமதரையில ஒண்ணும் தெரியாததுக்கு காரணம் இதுதான்.

கிருஷ்ணகிரி ரோட்டுல புளியமரத்தடியில கடை போட்டிருக்கற எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட காட்டுனேன். பாத்த உடனே "எலியா தம்பி, இந்த மாசத்துல நாலாவது வண்டி"ன்னு சிரிச்சாரு. வெட்டி, புது ஒயரு சேத்து சால்டர் வெச்சு, ஹீட் ஸ்லீவ் போட்டு சுருக்கி, மேல துணி டேப் சுத்திக் குடுத்தாரு, இருவது நிமிஷம்.

லைட்ட நான் கிளியர் பண்ணல. நெசமாவே சரியாயிருந்தா ஃபால்ட் வராம தொடர்ந்து மூணு தடவ ஓடுனதும் இசியூவே அணைக்கும், அதையும் பாத்துடுவோம்னு விட்டேன். அணைஞ்சுது. அதுக்கப்புறம் மூணு வாரம் சேலம் போய் வந்தாச்சு, வேணும்னே மூணாவது கியர்ல மிதிச்சு ஏறுனேன், வீட்டுக்காரம்மா திட்டுனாங்க, பென்டிங்ல கூட ஒண்ணும் இல்ல.

நேத்து சர்வீஸ் சென்டர்ல இருந்து போன். "சார், உங்க ஓ2 சென்சார் வந்துடுச்சு, வண்டிய எப்ப விடறீங்க?" நான் எங்கய்யா ஆர்டர் போடச் சொன்னேன்? எலி கதைய முழுசா சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"அப்ப சென்சார கேன்சல் பண்ணிடட்டுங்களா சார்?"