ஃபைன் ஆர்ட்ஸ் முதல் வருஷம்: கலருக்கு முன்னாடி டோன்

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரில பிஎஃப்ஏ (கவின் கலை டிகிரி) சேரப்போறவங்க சிலர் முதல் வருஷம் எப்படி இருக்கும்னு கேட்டீங்க, அதான் எழுதுறேன். 1850ல அலெக்சாண்டர் ஹண்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச இடம் இது, அந்த பழைய செங்கல் கட்டடத்துக்குள்ள போர்டும் கிளிப்பும் தூக்கிட்டு நடக்குறதே எனக்கு பெரிய சந்தோஷம்.

முதல்ல ஸ்டில் லைஃப். குடம், துணி, ரெண்டு பழம் வச்சிருப்பாங்க, அத பாத்து வரையணும். கைய முழுசா நீட்டி, ஒரு கண்ண மூடி, பென்சில வச்சு அளவெடுக்கணும், முழங்கை கொஞ்சம் மடங்குனாலும் அளவு மாறிடும். அப்புறம் கண்ண பாதி மூடிட்டு பாருங்க, டீடெயில் எல்லாம் போய் வெளிச்சமும் நிழலும் மட்டும் நிக்கும், இந்த வெளுப்பு-கருப்பு அளவுதான் டோன். என்னை கரைசேர்த்தது இந்த ஒரு பழக்கம்தான்னு தைரியமா சொல்லுவேன்.

அடுத்து போஸ்டர் கலர்ல கிரே ஸ்கேல், வெள்ளையில இருந்து கருப்பு வரைக்கும் படிப்படியா. வெள்ளையில கருப்ப சொட்டு சொட்டா சேருங்க, கருப்புல வெள்ளைய ஊத்த ஆரம்பிச்சா பாட்டிலே காலியாகிடும். சரிபாதி கலந்தா நடு கிரே வராது, ரொம்ப டார்க்கா போயிடும். காய்ஞ்ச பிறகு டோன் மாறும், அதனால தனி பேப்பர்ல தடவி காயவிட்டு பாத்துட்டுதான் ஷீட்ல வைக்கணும். அதே மாதிரி எலுமிச்சம்பழத்து நிழலுக்கு மஞ்சள்ல கருப்பு சேத்தா பச்சையடிக்கும், கொஞ்சம் வயலட் சேத்து பாருங்க, நிழல் உயிரோட இருக்கும்.

எனக்கு ரொம்ப புடிச்சது அவுட்டோர். எழும்பூர் ஸ்டேஷன்ல ட்ரெயினுக்கு காத்திருக்கறவங்கள வரைவோம், ஆளு எப்ப எந்திரிச்சு போவாருன்னு தெரியாது, அதனால மூஞ்சிய விட்டுட்டு முதுகெலும்பு எப்படி வளையுது, வெயிட் எந்தக் கால்ல நிக்குதுன்னு ரெண்டு மூணு கோட்டுல புடிச்சிடணும். அங்கருந்து பாந்தியன் ரோடு மியூசியத்துக்கு போய் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரர் வெண்கலத்த பாத்தா அதே விஷயம் அவ்ளோ தெளிவா தெரியும், ஒரே உடம்புல ஒரு பக்கம் ஆண், ஒரு பக்கம் பெண், இடுப்பும் தோளும் எதிரெதிரா சாய்ஞ்சு நிக்குது. மெரினா உழைப்பாளர் சிலையும் அப்படித்தான், பாறைய நெம்புற நாலு பேரோட முதுகையும் காலையும் சுத்தி சுத்தி வந்து வரைங்க. அத செஞ்ச ராய் சௌத்ரி இதே காலேஜ்ல பிரின்சிபலா இருந்தவர், பசங்களுக்கு அதுல ஒரு தனி பெருமை.

லெட்டரிங் (எழுத்து வடிவம் வரையறது), பெர்ஸ்பெக்டிவ் (தூரத்த காட்டி வரையறது) எல்லாம் பொறுமை இருந்தா வந்துடும், அதுக்கு பயப்பட வேணாம். களிமண் கிளாஸ மட்டும் விட்டுடாதீங்க, டிசைன் எடுக்கப்போறவங்களும்தான், உருவத்தோட பின்பக்கம் எப்படி இருக்கும்னு கைக்கு தெரிஞ்சா டிராயிங் தானா மாறும்.

கார்ட்ரிட்ஜ் ஷீட்ட (தடிமனான டிராயிங் பேப்பர்) சப்மிஷனுக்கு வச்சுக்கோங்க, தினசரி ஸ்கெட்சுக்கு மலிவான நியூஸ்பிரிண்ட் (பத்திரிகை அச்சடிக்கிற பேப்பர்) போதும், பென்சில்ல 2பி, 4பி, 6பி (நம்பர் ஏற ஏற மென்மையா, கருப்பா எழுதும்) இருந்தா முதல் செமஸ்டர் ஓடிடும்.