அச்சில் விழாத முகம்

கொலு பொம்மையும் காதணியும் ஒரே மண்ணில் செய்கிறேன். மதுரையில் இருக்கும் என் சின்னப் பட்டறையில் சன்னல் ஓர மேசை நகைக்கு, உள்ளே இருக்கும் நீள மேசை பொம்மைக்கு. பார்க்க வருகிறவர்கள் பொம்மையைக் கையில் எடுத்ததும் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "இது முழுக்கக் கையால செஞ்சதா, அச்சுல போட்டதா?" அச்சு என்று சொன்னால் பொம்மையைத் திரும்பக் கீழே வைத்துவிடுகிறார்கள். அச்சில் போட்டதெல்லாம் கைவேலை ஆகாது என்ற எண்ணம் எப்படியோ ஊன்றிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. நான் தொழில் படித்த இடத்தில் அச்சு என்பது குறுக்குவழி இல்லை.

திருப்பரங்குன்றத்தை அடுத்திருக்கும் விளாச்சேரியில்தான் பொம்மை வேலை கற்றேன். வேளார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ஊர். விநாயகர் சதுர்த்திக்குப் பிள்ளையார், கிருஷ்ண ஜெயந்திக்குத் தவழும் கண்ணன், நவராத்திரிக்குக் கொலு செட், அது முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதாவும் சூசையப்பரும் ஆட்டுக்குட்டிகளும். பண்டிகை எந்த மதத்துக்கு உரியதானாலும் மண் பிசைவது அதே கைகள்தான். எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரியம்மா, ஒரே திண்ணையில் தசாவதாரத்தையும் மூன்று ராஜாக்களையும் அடுத்தடுத்துக் காய வைத்திருப்பார்.

அச்சு வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் தீரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முன் பாதி, பின் பாதி என்று இரண்டு அச்சுகள். பிசைந்த மண்ணைத் தட்டையாகத் தட்டி உள்ளே பதித்து, விரல் நுனியால் ஒவ்வொரு பள்ளத்திலும் அழுத்த வேண்டும். மூக்கு நுனி, விரல் இடுக்கு, கிரீடத்தின் கூர் ஆகிய இடங்களில் காற்று கொஞ்சம் தங்கினாலும் அங்கே பொம்மை மொண்ணையாக விழும். பிளாஸ்டர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மண் மெல்லச் சுருங்கி அச்சைவிட்டுத் தானாக விலகும். அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. முன்னதாக எடுத்தால் தொய்ந்துபோகும், பிந்தினால் விரிசல் விடும். கடிகாரம் இதற்கு உதவாது. வெயிலுக்கும் காற்றுக்கும் தகுந்தபடி நேரம் மாறும், ஓரத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பிறகு இரண்டு பாதிகளின் விளிம்பையும் கீறி, மண் குழம்பு தடவிச் சேர்த்து, ஒட்டுத் தெரியாமல் மூங்கில் சீவலால் வழித்துவிட வேண்டும். உள்ளே கூடாக இருப்பதால் அடியில் ஒரு துளை. அதற்கப்புறம் நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து பொம்மை கோணிக்கொள்ளும்.

இவ்வளவும் செய்து சூளையில் சுட்டு எடுத்த பிறகும் அது யாருடைய முகமும் இல்லை. வெறும் செங்கல் நிறத்தில், கண்ணிருக்கும் இடத்தில் ஒரு மேடு, உதடிருக்கும் இடத்தில் ஒரு கீறல். அச்சு பழகப் பழக அந்த மேடும் கீறலும்கூட மழுங்கிக்கொண்டே வரும். பெரியம்மா சொல்வார்: "அச்சுல எல்லாம் ஒரே மூஞ்சியாத்தான் தாயி விழும். கண்ணு எழுதுனாத்தான் இது மீனாட்சி, அது ஆண்டாள்னு ஆகும்." சுண்ணாம்புப் பொடியும் பசையும் கலந்த வெள்ளை பூசி, உடல் நிறம், புடவை, நகை எல்லாம் தீட்டி, கடைசியாகத்தான் கண். வலது கைக்காரர் என்றால் நமக்கு இடப்பக்கம் இருக்கும் கண்ணை முதலில் எழுத வேண்டும். அப்போதுதான் அடுத்த கண்ணை எழுதும்போது முதல் கண் கைக்குப் பின்னால் மறையாமல், பார்த்துப் பார்த்து ஈடு செய்ய முடியும். மேல் இமைக் கோடு ஒரே இழுப்பில் வர வேண்டும். விட்டு எழுதினால் தூக்கக் கலக்கம் வந்துவிடும். கருவிழி இமையைத் தொட்டுக்கொண்டிருந்தால் முகம் அமைதியாக இருக்கும். சுற்றிலும் வெள்ளை தெரிய நடுவில் நின்றால் பொம்மை திடுக்கிட்டுப் பார்க்கும். இமைக்கும் கருவிழிக்கும் இடையே ஒரு மயிரிழை வெள்ளை விழுந்தால் போதும், சாந்தமான லட்சுமி மிரண்டவளாகிவிடுவாள்.

ஒரே அச்சில் விழுந்த பத்து ஆண்டாள்களை விளாச்சேரியில் இரண்டு பெண்களிடம் பாதி பாதியாகக் கொடுத்தால், எது யார் எழுதியது என்று அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் அந்த வேலையில் கை இருப்பது அங்கேதான்.

அச்சைப் பற்றிப் பேசும்போது திருட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் புதிதாக உருவம் பிடித்து, அச்செடுத்து, ஒரு பூக்காரம்மா பொம்மை செய்தேன். கூடையில் மல்லிகைப் பந்து, மடியில் பாதி கட்டிய சரம். அடுத்த நவராத்திரிக்கு அதே பூக்காரம்மா ஒரு கடையில் உட்கார்ந்திருந்தார், ஆனால் சற்றுக் குள்ளமாக. என் பொம்மையின் மேலேயே அச்செடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தக் குள்ளம்தான் சாட்சி. களிமண் காய்ந்து சுடும்போது சுமார் பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சுட்ட பொம்மைமேல் அச்செடுத்து மறுபடி மண் போட்டால், ஒன்பது அங்குலப் பொம்மை எட்டு அங்குலத்தைச் சற்றே தாண்டி நின்றுவிடும். அதன்மேல் இன்னொருவர் அச்செடுத்தால் இன்னும் குறையும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும், சரத்திலிருந்த மொட்டுகள் வெறும் கயிறாகும். சந்தையில் ஒரு பொம்மையின் பரம்பரையை உயரத்தை வைத்தே சொல்லிவிடலாம். எனக்கு அதில் பட்ட வலி உருவம் போனதற்காக மட்டும் இல்லை. அந்தப் பூக்காரம்மாவின் கண்ணை யாரோ அவசரத்தில் இரண்டு புள்ளியாக வைத்து முடித்திருந்தார்கள்.

நகை மேசையில் கணக்கு வேறு. அங்கே அச்சு கிடையாது. ஆனால் எல்லாமே சோடியாக இருக்க வேண்டும். ஜிமிக்கிக்கு மண்ணை மெல்லிய வட்டமாகத் தேய்த்து, குமிழ் வடிவக் கட்டைமேல் கவிழ்த்து, ஓரம் திருத்தி, பாதி காய்ந்து தோல் பதத்துக்கு வந்ததும் ஊசியால் துளை போட வேண்டும். துளையும் மண்ணோடு சேர்ந்து சுருங்கும் என்பதால், கம்பி நுழையும் அளவைவிடத் தாராளமாகப் போட வேண்டும். கொக்கி மாட்ட உள்ளே பதிக்கும் வளையத்துக்கு நிக்ரோம் கம்பி, அதாவது மின் அடுப்புச் சுருளில் இருக்கும் கம்பி. பித்தளை சூளைச் சூட்டில் உருகிவிடும். அதையும் நுனி மட்டும்தான் பதிக்கலாம். மண் சுருங்கும், கம்பி சுருங்காது. நீளமாகப் பதித்தால் சுற்றிலும் வெடிப்பு ஓடும்.

சுடுவது மின்சூளையில். முதல் நூறு டிகிரியை ஆமை வேகத்தில்தான் கடக்க விடுவேன். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் ஆவியாகிப் படாரென்று தெறிக்கும், பக்கத்தில் இருப்பவற்றையும் கெடுக்கும். 573 டிகிரியை ஒட்டி இன்னொரு கண்டம். மண்ணில் கலந்திருக்கும் மணல் துகள்கள் அங்கே திடீரென விரியும், ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்கும். அதனால்தான் சூளையை ஆவலில் திறக்கக் கூடாது. கறுப்பு நகை வேண்டுமென்றால் உமியும் மரத்தூளும் போட்டு மூடிப் புகையில் சுட வேண்டும். காற்று கிடைக்காத நெருப்பில் மண்ணிலுள்ள இரும்பின் சிவப்பு மாறும், கரியும் உள்ளே ஏறும். அந்தக் கறுப்பு எந்தச் சாயத்திலும் வராது, வியர்வையில் போகவும் போகாது.

சோடி சேர்ப்பதைக் கண்ணால் மட்டும் செய்ய முடியாது என்பது இந்த மேசையில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு ஜிமிக்கிகளில் ஒன்று கனமாக இருந்தால், போட்டிருப்பவர் சாயங்காலத்துக்குள் ஒரு காதைத் தடவிக்கொண்டிருப்பார். அதனால் ஒவ்வொன்றையும் சின்னத் தராசில் நிறுத்துப் பார்க்கிறேன். ஒரு காதுக்குப் பத்து கிராமைத் தாண்ட விடுவதில்லை. கோலம்போல வரைந்த புள்ளிகளில் ஒன்று முன்பின் இருக்கலாம், அதை நான் திருத்துவதுகூட இல்லை. எடையில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மதுரையில் இருந்துகொண்டு சுடுமண் காதணி செய்கிறவளுக்குக் கீழடி பக்கத்து வீடு மாதிரி. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்துக்கு எப்போது போனாலும் தங்கத் துண்டுகளையும் தந்தச் சீப்பையும் சுற்றித்தான் கூட்டம். நான் சுடுமண் மணிகளிடமும் காதணிகளிடமும் போய் நிற்பேன். கொக்கியோ கம்பியோ இல்லாமல், வளர்த்த காதின் துளைக்குள்ளேயே பொருந்தி உட்காரும் வகை. விளிம்பை உள்வாங்கிச் செய்திருப்பதால் நழுவாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் மண்ணின் கனத்தையும் காதின் மென்மையையும் சேர்த்து யோசித்திருக்கிறார். எனக்கு அது பெருமையைவிடத் தொழில் பாடமாகத்தான் படுகிறது. கொக்கி உடைந்துபோகிறது என்று வாடிக்கையாளர் சொல்லும்போதெல்லாம் அந்த விளிம்பு நினைவுக்கு வரும்.

இரண்டு மேசையும் ஒன்று சேர்ந்த வேலை என்றால் அது ஆச்சி பொம்மைதான். திருநெல்வேலியிலிருந்து ஒரு பெண் அழைத்தார். "எங்க ஆச்சி போட்டோ ஒண்ணே ஒண்ணுதான்க்கா இருக்கு. அம்மாவோட அறுபதாவது பிறந்தநாளுக்கு ஆச்சியப் பொம்மையாச் செஞ்சு தரணும். பாம்படம் கட்டாயம் வேணும்." கறுப்பு வெள்ளைப் படம். வளர்த்த காது தோளைத் தொட, பாம்படம் தொங்கிக்கொண்டிருந்தது. அரக்குக்கு மேல் மெல்லிய தங்கத் தகடு போர்த்திச் செய்யும் அந்த நகையில் கட்டமும் உருண்டையும் முக்கோணமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியிருக்கும். நம் பக்கத்து நகைகளிலேயே சிற்பத்துக்கு மிக நெருங்கியது அதுதான் என்று நான் நினைக்கிறேன். காதில் போடுகிறவர்கள் அருகிப்போய், பெட்டகத்திலிருந்து எடுத்து உருக்கி வளையலாக்கிய குடும்பங்கள் எத்தனையோ.

உருவம் பிடிப்பது கடினமாக இல்லை. காதுதான் படுத்தியது. அவ்வளவு மெல்லிய மடலை மண்ணில் இழுத்துவிட்டால், தலை ஈரமாக இருக்கும்போதே மடல் காய்ந்து, சேருமிடத்தில் உடைந்துவிடும். உள்ளே கம்பி கொடுத்தால் மண் பிளக்கும். ஆகவே காதின் மேல்பகுதியை மட்டும் மண்ணில் செய்து சுட்டேன். மடலை நூலில் செய்தேன். பசையில் நனைத்த நூலைக் கண்ணியாகக் கட்டி, அதன்மேல் காகிதக் கூழ் பூசி, நடுவில் மெலிந்தும் கீழே சற்று விரிந்தும் வருமாறு தேய்த்தேன். கனத்தில் இழுபட்ட தசை அப்படித்தான் இருக்கும். பாம்படத்துக்கு அரிசி அளவுக் கட்டங்களையும் கடுகு அளவு உருண்டைகளையும் பிடித்து நகைச் சூளையில் சுட்டு, பொன்வண்ணம் தீட்டினேன்.

படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது ஆச்சியின் இடது மடல் வலதைவிட நீளமாக இருந்தது. தராசு வைத்துச் சோடி பார்க்கும் என் கை, இரண்டையும் சமமாக்கத்தான் துறுதுறுத்தது. படத்தில் இருந்தபடியே விட்டேன். பொம்மை போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மாவே பேசினார். இடது பக்கம் மடல் ஒருதரம் அறுந்து, தைத்துப் போட்டது என்றும், ஆச்சி எப்போதும் அந்தப் பக்கத்தைச் சேலை முந்தானையால் மூடிக்கொள்வார் என்றும் சொன்னார். கடைசியில், "கண்ணு எங்கம்மா கண்ணேதான்" என்றார்.

அந்தப் பொம்மைக்கு நான் வாங்கிய விலையைக் கேட்டுச் சிலர் மலைத்தார்கள். "மண்ணுதானே" என்றார்கள். மண் விலை அதில் ஒன்றுமே இல்லை. கண்மாயில் மண்ணெடுக்க அனுமதிக்காக மாவட்ட அலுவலகம் வரை அலைய வேண்டாம், வட்டாட்சியரே கொடுக்கலாம் என்று 2024-இல் அரசு எளிதாக்கியது. மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அது நல்ல உதவி. ஆனால் மண் கிடைப்பதோடு முடிகிற கஷ்டம் இல்லை இது. இந்தத் தொழிலில் பொம்மைக்குக் கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. வண்ணம் தீட்டும் பெண்களுக்குப் புடவை நிறம் பூசுவதும் கண் எழுதுவதும் ஒரே வேலையாகச் சேர்த்து எண்ணப்படுகிறது. சீசன் நெருங்க நெருங்க எண்ணிக்கைதான் முக்கியமாகும். எண்ணிக்கைக்கு ஓடும்போது முதலில் போவது கண்தான். இமைக்கோட்டை ஒரே இழுப்பில் எழுத மூச்சைப் பிடித்து நிற்க அவகாசம் இருக்காது. வாங்குகிறவர்கள் "முன்ன மாதிரி முகக்களை இல்லையே" என்கிறார்கள். களை போனது கை தெரியாததால் இல்லை, அந்தக் கைக்கு நேரம் வாங்கித்தராததால்.

என் பட்டறையில் முகம் எழுதுவதற்குத் தனிக் கூலி வைத்திருக்கிறேன். நிறம் பூசும் கணக்கோடு அது சேராது, ஒரு நாளில் இத்தனை என்ற கட்டாயமும் கிடையாது. பொம்மையின் அடியில், காற்றுத் துளைக்குப் பக்கத்தில், கண் எழுதியவர் தன் பெயரின் முதல் எழுத்தைப் போடுகிறார். விலை கேட்டு வருகிறவர்களுக்கு இப்போதெல்லாம் பொம்மையைத் திருப்பி அந்த எழுத்தைத்தான் முதலில் காட்டுகிறேன். அச்சா கையா என்று கேட்டவர்கள், எழுதியது யார் என்று கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். வருகிற நவராத்திரிக்கு இன்னார் எழுதிய அம்மன்தான் வேண்டும் என்று இரண்டொரு வீடுகளிலிருந்து ஆடி பிறக்கும் முன்பே சொல்லிவைத்துவிட்டார்கள்.